மெத்தைக்காரர் பதினான்கு வரை எண்ணினார்

முதலில் வம்புக்கு வந்தது மைத்துனன்தான். மெத்தைக்காரர் இல்லை. இதை அடித்துச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஏனென்றால் இதே கதையை அவர் மனைவியிடம் கேட்டால் வேறு இடத்திலிருந்து ஆரம்பிப்பாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மைத்துனன் தனிக்குடித்தனம் போனான். மனைவிக்கு ஒரே தம்பி. வெறுங்கையோடு போய் நிற்க முடியுமா? மெத்தைக்காரர் பதினைந்து கிலோ இலவம்பஞ்சை அடித்து, உதறி, ஒரு விதைகூட இல்லாமல் பொறுக்கி, தன் கையாலேயே தைத்து, தன் தோளிலேயே சுமந்து, மூன்று மாடி ஏறிக் கொண்டுபோய்ப் போட்டார். மைத்துனன் அதில் உட்கார்ந்தான். எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். பிறகு வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டான்:

"அத்தான், உள்ள பஞ்சு வெச்சீங்களா, பக்கத்து வீட்டுச் சுவத்தை வெச்சீங்களா?"

சிரித்தவர்கள் பதினேழு பேர். மெத்தைக்காரர் எண்ணினார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர், எதையும் எழுதி வைக்கிற பழக்கம் இல்லை, எல்லாம் மனப்பாடம். யார் யார், எந்த வரிசையில், எவ்வளவு நேரம் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் சொல்வார். பதினேழாவது ஆள் அவர் மனைவி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தினால் கணக்கில் வராது என்று நினைத்தாள் போல.

அதற்கு மைத்துனன் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அதோடு விட்டானா? ஃபோம் மெத்தை ஏஜென்சி எடுத்தான். ஒரு கடை மூன்று கடையாயிற்று. இந்த வருஷம் ஒரு நாள் காலையில், கையில் அளவு நாடாவோடு மெத்தைக்காரர் கடைவாசலில் வந்து நின்றான்.

"என்னடா அளக்கற?"

"பலகைக்கு அத்தான். பத்தடி வரும். லைட்டு போட்டு எழுதினா தெருக்கோடியில இருந்து தெரியும்."

"எந்தப் பலகை?"

"நம்ம ஃபோம் பலகைதான். நீங்க ஏன் இந்த வயசுல பஞ்சுத் தூசியில கெடந்து தும்மணும்? கல்லாவுல உக்காந்தா போதும். மெத்தை தானா வரும், தானா போகும்."

மெத்தைக்காரருக்குத் தும்மல் வந்தது. அந்த நேரம் பார்த்தா வர வேண்டும்?

வியாபாரம் படுத்துவிட்டது என்பது உண்மைதான். மூன்று மாதத்தில் நாலு மெத்தை போயிருந்தது. அதில் ஒன்று திரும்பி வந்தது. ஆனால் சரக்கில் குற்றமில்லை. வருகிற ஆட்களிடம் பேசுவதில்தான் குற்றம் என்று மனைவி சொல்வாள். "கொஞ்சம் மெத்துனு வேணும்" என்று ஒரு அம்மாள் கேட்டாள். "மெத்துனு வேணும்னா மேகத்துல போய்ப் படுங்க" என்றார் மெத்தைக்காரர். அந்த அம்மாள் மேகத்துக்குப் போகவில்லை, மைத்துனன் கடைக்குப் போனாள்.

வழக்கு மனைவியிடம் போயிற்று. இந்த வீட்டில் எல்லா வழக்கும் அங்கேதான் போகும். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் போனில் ஒரு யோசனை சொன்னாள்.

"வெபினார் வைக்கலாம்ப்பா."

"அது எந்த நோவுக்கு?"

"நோவு இல்லப்பா. நம்ம கடையில இருந்தே கூட்டம் போடறது. நீங்க பேசுவீங்க. அவங்கவங்க வீட்ல இருந்து போன்ல பாப்பாங்க."

"நடுவுல எதுத்துப் பேசுவாங்களா?"

"நாம மியூட் பண்ணிட்டா முடியாது. கேக்க மட்டும்தான் முடியும்."

மெத்தைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தான் மட்டும் பேசலாம், எதிராளி வாயைத் திறந்தாலும் சத்தம் வராது. இப்படி ஒரு வசதியை முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால், தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் கண்டுபிடித்திருக்கக் கூடாதா!

"மாமாவும் பாப்பானா?" என்று கேட்டார். மகள் மாமா என்று கூப்பிடுவது மைத்துனனைத்தான்.

"கண்டிப்பா பாப்பாரு."

"அப்ப வை."

வாசலில் நின்ற தம்பியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு மனைவி தீர்ப்பைச் சொன்னாள். "வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம். பத்து ஆர்டர் வந்தா பஞ்சுக் கடை. ஒண்ணு கொறைஞ்சாலும் ஃபோம் கடை. ரெண்டு பேரும் இப்பவே சரின்னு சொல்லுங்க. அப்புறம் மூஞ்சியத் தூக்கக் கூடாது."

"அக்கா சொன்னா சரி" என்றான் மைத்துனன். நாடாவைச் சுருட்டும்போது பத்தடியை மறுபடி ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

மெத்தைக்காரர் சரி என்று சொன்னதற்குக் காரணம் வேறு. பத்து ஆர்டர் தானாக வரும் என்று விட்டுவிட்டார். அவருக்கு வேண்டியது கூட்டம். இருபத்திரண்டு வருஷக் கதையை ஊர் கேட்க முதலிலிருந்து சொல்லுவார். மைத்துனன் போனைப் பிடித்துக்கொண்டு வாயடைத்துக் கேட்பான். கடைசியில் அவன் மியூட்டை மட்டும் எடுக்கச் சொல்லி "இப்போது மன்னிப்புக் கேள்" என்பார். அத்தனை பேர் முன்னால் கேட்காமல் எங்கே போவான்? கூட்டத்துக்கு 'பஞ்சும் துரோகமும்' என்று பெயர் வைக்கச் சொன்னார். மகள் கேட்காமல் 'நல்ல தூக்கத்துக்கு என்ன வழி?' என்று போட்டுவிட்டாள்.

மூன்று நாள் குளிக்கிற அறையில் ஒத்திகை நடந்தது. தண்ணீரைத் திறந்துவிட்டால் வெளியே கேட்காது என்பது அவர் எண்ணம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தை மதியம் இரண்டரைக்கு வைத்திருந்தாள் மனைவி. "அப்பத்தான் எல்லாரும் சாப்பிட்டு போனும் கையுமா படுத்திருப்பாங்க" என்றாள். சரியாகத்தான் பட்டது. அன்றைக்குச் சமையல் என்னவோ பெண் பார்க்க வந்தவர்களுக்குச் செய்தது மாதிரி இருந்தது. மூன்று தரம் பரிமாறினாள். வேண்டாம் வேண்டாம் என்று கை ஆட்டினார். ஆட்டின கைக்கு நடுவில் இன்னொரு கரண்டி விழுந்தது.

"நல்லாச் சாப்பிட்டாத்தான் தொண்டை நிக்கும். அரை மணி நேரம் பேசணுமே."

என்றைக்கும் இல்லாத கரிசனம். மெத்தைக்காரர் நெகிழ்ந்துபோய் நாலாம் தரமும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கடையில் புது மெத்தை விரித்திருந்தது. மூன்று தலையணையை அடுக்கி, மேலே போனை நிறுத்தியிருந்தாள் மனைவி. மெத்தைக்காரர் குனிந்து பார்த்தார்.

"மெத்தைதான் முழுசாத் தெரியுது. என் நாற்காலி ஓரத்துல பாதிதானே தெரியுது?"

"மெத்தை விக்கறோமா, நாற்காலி விக்கறோமா?"

பாதி முகத்தோடு உட்கார்ந்தார். மின்விசிறியை அவள் ஏன் ஐந்தில் வைத்தாள், ஜன்னலை ஏன் சாத்தினாள் என்றெல்லாம் அப்போது அவர் யோசிக்கவில்லை.

எழுபத்தொரு பேர் வந்திருந்தார்கள். போன் மூலையில் எண் தெரிந்தது. அதில் ஒரு பெயர் மைத்துனன். மகள் நாலு வார்த்தை அழகாகப் பேசி அப்பாவிடம் விட்டாள். மெத்தைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாருக்கும் வணக்கம். இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஒரு வியாழக்கிழமை, காலையில பத்தேகால் மணி..."

நாலு நிமிஷத்தில் எழுபத்தொன்று அறுபதாயிற்று.

"அப்பா, மெத்தையப் பத்திப் பேசுங்கப்பா" என்று மகளின் குரல் வந்தது.

"மெத்தையப் பத்தித்தாம்மா பேசறேன். அதைத்தான் தோள்ல வெச்சிருக்கேன்."

எட்டு நிமிஷம். நாற்பத்திரண்டு. யாரோ எழுதிக் கேட்டதை மகள் படித்தாள்: "சார், மெத்தையை எப்ப காட்டுவீங்க?"

"இப்பத்தான் ரெண்டாவது மாடி ஏறியிருக்கேன். இன்னும் ஒரு மாடி இருக்கு. பொறுங்க!"

பொறுக்கவில்லை. பதினோராம் நிமிஷம் பத்தொன்பது பேர் மிஞ்சினார்கள். அதில் ஒருவன் மைத்துனன், அவன் போவானா? பலகைக்கு எழுத்துக் கலர் யோசித்துக்கொண்டு சௌகரியமாக உட்கார்ந்திருப்பான். மெத்தைக்காரர் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். பத்தொன்பது பேரில் பத்து ஆர்டர் எங்கிருந்து வரும்? முப்பத்தெட்டு வருஷக் கடை. பஞ்சு அடிக்கிற மிஷின் பழைய இரும்புக்குப் போகும். இவர் கல்லாவில் உட்கார்ந்து, மைத்துனன் அனுப்புகிற மெத்தையின் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டும். நினைக்கும்போதே மூன்றாவது மாடி மறந்துபோயிற்று.

அந்த நேரத்தில் மனைவி பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க, அந்த நூறு எண்ணிக் காட்டுங்களேன். மீதிக் கதைய அப்புறம் சொல்லலாம். எண்ணி முடிச்ச மெத்தையில உக்காந்து சொன்னா ஒரு கெத்தா இருக்கும்."

நூறு எண்ணுவது அவர் கடையின் வழக்கம். எந்த மெத்தையும் வாசல் தாண்டுவதற்கு முன்னால் அவர் அதில் மல்லாந்து படுப்பார். கண்ணை மூடிக்கொண்டு ஒன்று முதல் நூறு வரை நிதானமாக எண்ணுவார். எங்கேயாவது பஞ்சு கட்டி தட்டியிருந்தால் அதற்குள் முதுகு சொல்லிவிடும். ஆனால் அதைக் காலையில் வெறும் வயிற்றில்தான் செய்வார். சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் கட்டி மெத்தையில் இருக்கிறதா வயிற்றில் இருக்கிறதா என்று தெரியாது. இந்த விஷயம் உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருவர் மறந்துவிட்டார். இன்னொருத்தி மறக்கவில்லை.

"பாருங்க, இப்படித்தான் சோதிப்போம்" என்று சொல்லிவிட்டு மெத்தைக்காரர் படுத்தார். கண்ணை மூடினார். "ஒண்ணு... ரெண்டு..."

கண்ணைத் திறந்தபோது கடிகாரத்தில் ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

போனைக் காணோம். மகள் குரலும் இல்லை, மனைவியும் இல்லை. கால் வரைக்கும் யாரோ போர்வை போர்த்தியிருந்தார்கள். மெத்தைக்காரர் போர்வையை உதறி எழுந்தார். முதல் வேலையாகச் செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடி, தலையை அண்ணாந்து பலகையைப் பார்த்தார். பழைய பலகைதான். அவர் பலகைதான். ஒரு மூச்சு வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மைத்துனனுக்கு ஆசாரி கிடைத்திருக்க மாட்டான் என்று தோன்றியதும் அந்த மூச்சு நின்றுவிட்டது.

பக்கத்துக் கடைத் தையல்காரர் பாதிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார்.

"என்னண்ணே, எந்திரிச்சாச்சா?"

"நான் தூங்கினது உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கா? தெரியாதவங்க யாருன்னு கேளுங்க. என் மாமியார் வரைக்கும் பாத்தாங்க."

மெத்தைக்காரர் கடைக்கு மேலே இருந்த வீட்டுக்குப் படி ஏறினார். படியில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கல்லாவில் உட்கார மாட்டார். எங்கேயாவது போய்விடுவார். எங்கே என்று யோசிப்பதற்குள் படி முடிந்துவிட்டது.

மனைவி சாப்பாட்டு மேஜையில் காகிதம் விரித்து எழுதிக்கொண்டிருந்தாள். போனில் மகள் ஏதோ சொல்லச் சொல்ல எழுதினாள்.

"எத்தனை?" என்று கேட்டார்.

"இருபத்தாறு."

"கடைசியில இருபத்தாறு பேர்தான் இருந்தாங்களா?"

"ஆளு இல்லீங்க. ஆர்டர்."

மெத்தைக்காரர் உட்கார்ந்தார். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமல் உட்கார்ந்தார், நல்லவேளை, இருந்தது. நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை பஞ்சை யாரோ இறக்கிவைத்த மாதிரி இருந்தது. மிஷின் போகாது. பலகை இறங்காது. பிளாஸ்டிக் உறை வேண்டாம். கண்ணோரம் ஈரமானதை, பஞ்சுத் தூசி என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். மாடியில் ஏது பஞ்சு?

"அப்பா, ரெக்கார்டிங் பாருங்க" என்றாள் மகள்.

பார்த்தார். திரையில் அவர் எண்ணிக்கொண்டிருந்தார். "பன்னெண்டு... பதிமூணு... பதினாலு..." அதற்குப் பிறகு எண் இல்லை. வாய் திறந்தது. ஒரு சத்தம் வந்தது. தனக்குக் குறட்டை கிடையாது என்று முப்பத்தைந்து வருஷமாகச் சத்தியம் செய்து வந்த மனிதர் அவர்.

திரையில் மனைவி வந்து மெத்தையின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். குசுகுசுவென்று பேச ஆரம்பித்தாள்.

"மெதுவாத்தான் பேசுவேன், இவர் எந்திரிச்சுடக் கூடாது. இவர் எந்திரிச்சா பேசுவாரு. இது பதினஞ்சு கிலோ பஞ்சு. ஒரு விதை இருக்காது..."

வெளியே ஒரு லாரி, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போயிற்று. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மெத்தைக்காரர் புரண்டுகூடப் படுக்கவில்லை. பத்தொன்பது முப்பதாயிற்று. முப்பது எண்பதாயிற்று. பார்த்தவர்கள் பக்கத்து அறையில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். மகள் மியூட்டை எடுத்துவிட்டதும் ஒரு பெண் பேசினாள்: "நான் ராத்திரி டியூட்டி நர்ஸுங்க. பகல்ல ஒரு மனுஷன் இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல. எனக்கு ஒண்ணு."

"அந்தச் சத்தம் மெத்தையில இருந்தா வருது?" என்று ஒருவர் கேட்டார்.

"இல்லீங்க, அது அவரோடது. மெத்தை சத்தம் போடாது."

நூற்று நாற்பத்து மூன்று பேர் அவர் தூங்குவதைப் பார்த்தார்கள். நடுவில் மைத்துனன் எழுதியிருந்தான்: "அக்கா, அத்தான் இருக்காரா?" மனைவி அவர் மூக்குக்கு நேரே ஒரு பஞ்சை நீட்டிக் காட்டினாள். பஞ்சு பறந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் மட்டும் ஏழு ஆர்டர்.

மெத்தைக்காரர் போனைக் கீழே வைத்தார். நாலு தரம் சாப்பாடு, ஐந்தில் மின்விசிறி, ஜன்னல், நாற்காலி எல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன.

"நீ வேணும்னேதான் என்னைத் தூங்க வெச்சே."

"ஆமா."

இப்படி உடனே ஒப்புக்கொண்டால் மேற்கொண்டு எப்படிச் சண்டை போடுவது?

"நான் எவ்வளவு நல்லாப் பேசிட்டு இருந்தேன்!"

"மூணு நாளா குளிக்கிற ரூம்ல கேட்டேங்க. அந்தப் பேச்சைக் கேட்டா நானே என் தம்பிகிட்ட ஃபோம் வாங்கியிருப்பேன். உங்களுக்குப் பேச வராது, தைக்க வரும். அதைவிட நல்லாத் தூங்க வரும். எது வருதோ அதைத்தானே காட்டணும்?"

அவர் காகிதத்தை இழுத்துப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தவர் இருபத்தாறாவது பெயரில் நின்றார்.

"இவன் எதுக்கு?"

"தம்பிக்கு ஆறு மாசமாத் தூக்கமே இல்லையாம். அவன் கடையில இருக்கற எல்லாத்துலயும் படுத்துப் பாத்துட்டான்."

சந்தோஷம் பொங்கியதை மெத்தைக்காரர் மறைக்க முயன்றார். முடியவில்லை. "கெடைக்காது. அத்தனை பேர் முன்னால சுவருன்னு சொன்னான். அத்தனை பேர் முன்னால மன்னிப்புக் கேக்கட்டும். அப்புறம் மெத்தை."

"சரி. நீங்களே கொண்டுபோய்க் கேட்டு வாங்கிக்குங்க."

பத்து நாள் கழித்து அந்த மெத்தையைத் தைத்தார். உள்ளே இரண்டு கைப்பிடி விதையைப் போட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தார். போடவில்லை, கை கேட்கவில்லை. காலையில் வெறும் வயிற்றில் நூறும் எண்ணினார், தொண்ணூற்றொன்பதைக்கூட விடாமல்.

மைத்துனன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆறேழு பேர் வந்து காத்திருந்தார்கள். போனில் தூங்கிய மனிதரை நேரில் பார்க்கவென்று வந்தவர்கள். அன்று போல் பதினேழு இல்லாவிட்டாலும் போதும் என்று மெத்தைக்காரர் திருப்திப்பட்டார். மெத்தையை விரித்தார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ம். சொல்லு."

"என்னது அத்தான்?"

"என்னதா? இருபத்திரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஒரு வியாழக்கிழமை..."

"சொல்றேன் அத்தான், சொல்றேன்!" மைத்துனன் இரண்டு கையையும் தூக்கினான். "தப்பு என்னோடதுதான். எல்லாரும் கேட்டுக்குங்க. அன்னைக்கு உக்காந்து சொன்னதை இன்னைக்கும் உக்காந்தே சொல்றேன்."

உட்கார்ந்தான். "அடேயப்பா" என்றான். முதுகைச் சாய்த்தான். "அத்தான், அன்னைக்கு நான் உங்களை..."

கண் மூடியது. கை ஒரு பக்கம் விழுந்தது. மூச்சு சீராக வந்தது.

"ஐயோ, தூங்கிட்டாரு!" என்றாள் ஒரு பெண்மணி. "ஆறு மாசமாத் தூங்காதவரு!" என்றார் இன்னொருவர். மெத்தைக்காரர் எழுப்பக் குனிந்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, உதட்டில் விரலை வைத்தாள். அதற்குள் இரண்டு பேர் அவளிடம் அளவு சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். மெத்தையின் நல்ல பெயரே அங்கே மைத்துனனின் மூடிய இமை மேல் உட்கார்ந்திருந்தது. எப்படி எழுப்புவது? எல்லோரும் நுனிக்காலில் நடந்து வெளியே வந்தார்கள். மெத்தைக்காரரும் நுனிக்காலில் வந்தார்.

தெருவில் கொஞ்ச தூரம் நடந்ததும் அவருக்குப் பெருமை பொங்கிற்று.

"பாத்தியா? படுத்து ஒரு நிமிஷம் ஆகல. சுவராம், சுவரு! எந்திரிச்சதும் போன் பண்ணி மன்னிப்புக் கேப்பான் பாரு."

"அவன் எங்கீங்க தூங்கினான்?" என்றாள் மனைவி. "சின்ன வயசுல எங்கப்பா பிரம்பை எடுத்தாலே இப்படித்தான் பொத்துனு படுத்துக்குவான்."

மெத்தைக்காரர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அங்கேயே சொல்றதுக்கு என்ன?"

"ரெண்டு ஆர்டர் எழுதிட்டு இருந்தேனே."

திரும்பிப் பார்த்தார். மாடி ஜன்னலில் மைத்துனன் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு நின்று, அக்காவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தான்.